அடித்துவிட்ட கணக்கு

மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. பரீட்சைத் தாள் திருத்தும் அந்த அறையில் ஏழு பேர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எட்டாவது ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டுப் பேரின் தாள்கட்டும் முதன்மைத் தேர்வாளரின் மேஜைக்கு வந்து சேர்ந்தால்தான் யாரையும் வெளியே விடுவார்கள். ஏழு வந்துவிட்டது. ஆமை டீச்சர் கையில் இன்னும் நாலு தாள்.

அது இந்தத் திருத்தும் முகாமின் மூன்றாம் நாளே விழுந்த பெயர். வேலை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஒரு தாளை எடுத்தால் கீழே வைக்க மனசு வராது, அவ்வளவுதான். உதடு வேறு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கணக்குத் திருத்துகிறாரா, ஜபம் பண்ணுகிறாரா என்று பின்வரிசையில் சிரிப்பார்கள்.

பக்கத்து மேஜை டீச்சருக்கு இன்று பொறுக்கவில்லை. நேராக முதன்மைத் தேர்வாளரிடம் போய், பத்து நாளாக இதே கதை, எங்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது, நாளையிலிருந்து இவரை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

முதன்மைத் தேர்வாளர் கண்டிப்பான மனுஷர். எழுந்து வந்து ஆமை டீச்சர் முன்னால் நின்றார். அங்கே விரித்திருந்த பக்கத்தில் ஒரு கணக்கு, மேலிருந்து கீழ்வரை குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"அடிச்ச பக்கத்தை எதுக்கும்மா படிக்கிறீங்க? தள்ளிட்டுப் போக வேண்டியதுதானே."

"வேற விடை எழுதலைன்னா அடிச்சதையும் திருத்தணும்னு நம்ம விதியிலேயே இருக்கு சார்." ஆமை டீச்சரின் குரல் எழும்பவில்லை. "ரெண்டு குழாய் சேர்ந்து ஒரு தொட்டியை நிரப்புற கணக்கு. தனியா விட்டா ஒண்ணுக்கு ஆறு மணி நேரம், இன்னொண்ணுக்கு மூணு. ஒரு மணி நேரத்துல முதல் குழாய் ஆறுல ஒரு பங்கு, ரெண்டாவது மூணுல ஒரு பங்கு, கூட்டினா பாதித் தொட்டி. மூணு வரியும் சரியா எழுதியிருக்கு. ஒரு மணிக்குப் பாதின்னா முழுசுக்கு ரெண்டு மணி. பிள்ளை அவசரத்துல அரை மணி நேரம்னு போட்டிருச்சு."

"தப்புதானே?"

"தப்புதான் சார். அது பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கு. ஒரு குழாய்க்கே மூணு மணி நேரம் ஆகும்போது அரை மணியில எப்படி நிரம்பும்னு யோசிச்சிருக்கு. எங்கே சறுக்கினோம்னு பிடிபடலை, மொத்தத்தையும் அடிச்சிருச்சு. கடைசி வரி மட்டும்தான் சார் தப்பு. மேல மூணு வரிக்கு மூணு மார்க் உண்டு."

முதன்மைத் தேர்வாளர் தாளின் முகப்பைத் திருப்பினார். அதுவரை கூட்டியிருந்தது முப்பத்து மூன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

நின்றபடியே அந்த மூன்று வரியையும் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு, மற்றவர்கள் அடித்த பக்கங்களைப் பார்த்தார்களா என்று பொதுவாகக் கேட்டார்.

ஏழு பேர் பார்வையும் தங்கள் கட்டுகள் பக்கம் போயிற்று. இன்றைய கட்டுகளாவது மேஜைமேல் இருக்கின்றன. ஒன்பது நாளில் போன கட்டுகள் இனித் திரும்பி வராது.

பக்கத்து மேஜை டீச்சர் எழுந்து போய்த் தன் கட்டைத் தேடி எடுத்துவந்தார். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பினார்.

"வீட்டுக்கு நேரமாச்சுன்னீங்களே?" என்றார் முதன்மைத் தேர்வாளர்.

"என் பொண்ணும் இந்த வருஷம் எழுதியிருக்கா சார்," என்றார் அவர், தலை நிமிராமல். "அவ தாள் எந்த முகாம்ல, யார்கிட்ட இருக்கோ. நிதானமா படிக்கிறவங்க கையிலதான் போய்ச் சேரணும்னு தினமும் காலையில வேண்டிக்கிட்டுத்தான் இங்க வர்றேன்."