திராட்சை முடியட்டும்

கலிபோர்னியாவின் அந்தச் சிற்றூர்த் தேவாலயக் கூடத்துக்குள் மதிய வெயில் தூசியோடு சாய்ந்து விழுகிறது. செவிலியர் கல்லூரிப் பேராசிரியை ஒந்திவேரோஸ், அங்கே நடக்கும் இலவச மருத்துவ முகாமில் எதிரில் அமர்ந்திருக்கும் எலோடியாவின் சட்டைக் கையைச் சுருட்டிவிடுகிறார். ஆண்பிள்ளைச் சட்டை; முழங்கையில் நீலத் துணி ஒட்டுப் போட்டிருக்கிறது. அவர் விரல்கள் அந்த ஒட்டின் மேலேயே நின்றுவிடுகின்றன. போன அறுவடையின்போது இதே சட்டையின் கையைச் சுருட்டித்தான் இவளுடைய கணவன் அபுண்டியோவுக்கு ரத்தக்கொதிப்புப் பார்த்தார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு, "திராட்சை முடியட்டும் நர்ஸம்மா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனவன், கொடிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்து செத்தான். இப்போது எலோடியாவின் கையில் சுற்றிய பட்டை காற்றேறி உப்புகிறது, மெல்ல இறங்குகிறது. அவனுக்கு இருந்ததைவிட அதிகம். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் எலோடியா. என் கார் வெளியிலதான் நிக்குது." தோட்டத்து வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது. "ஆள் பத்தலன்னு மேஸ்திரி கத்துவான் நர்ஸம்மா. திராட்சை முடியட்டும், நானே வர்றேன்." எலோடியா எழுகிறாள். பேராசிரியை அவள் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொள்கிறார். "விட மாட்டேன்." வேன் இன்னொரு தடவை அலறிவிட்டுக் கிளம்பிப் போகிறது. எலோடியா கையை உருவிக்கொள்ளவில்லை. பற்றியிருக்கும் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "அவரையும் இப்படிப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமே," என்கிறாள் மெதுவாக.