குறுக்கே பேசியவர்

பக்கவாதத்தில் பேச்சிழந்த ரொசாரியோவின் நினைப்பை, மண்டைக்குள் பதித்த இன்டர்பிரட்டர் என்ற கருவி குரலாக்கியது. ஆனால் எதிரில் யாராவது வாய் திறந்தால், ரொசாரியோ சொல்ல வந்தது அழிந்துவிடும். கருவியின் நிரலில் கேட்பதற்கு ஓர் இழை, பேசுவதற்கு ஓர் இழை என இரண்டு தனி ஓட்டங்கள். மாதக்கணக்கில் தேடிய, நிரல் எழுதத் தெரிந்த மனைவி பெனிட்டா இன்று பிழையைப் பிடித்துவிட்டாள். கேட்கும் இழை விழித்ததும், பேசும் இழை எங்கே நின்றது என்பதைச் சேமிக்காமலே கருவி அதைத் துடைத்துக்கொண்டிருந்தது.

உடனே திருத்தி, கருவியில் ஏற்றினாள்.

"ஏங்க, நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீங்களும் பேசுங்க. காலையில மார்க்கெட்டுல சீலா மீனு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நான் மலிவா கெடச்ச சாளையவே..."

"ஏட்டி, நிறுத்து," என்று ரொசாரியோ குறுக்கே பாய்ந்தார். "சீலாவ விட்டுட்டு எவளாவது சாளைய வாங்குவாளா?"

பெனிட்டா நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, வேண்டுமென்றே குரலை உயர்த்திச் சண்டை போட்டாள். அவரும் விடவில்லை.