எலுமிச்சை தூக்கல்

மரநாய் ஒரே ஒரு பானை ஜின் சாராயம் வடித்தது. சாயங்காலம் யானை விருந்துக்கு வருகிறது. அதற்குள் ருசி கச்சிதமாக வந்தாக வேண்டும்!

மரநாய் ஒரு மடக்கு குடித்துப் பார்த்தது. "எலுமிச்சை தூக்கலா இருக்கே."

கூட்டாளி அணிலும் ஒரு மடக்கு குடித்தது. "சும்மா இரு, கொத்தமல்லிதான் கம்மி."

கொத்தமல்லியைப் போட்டுக் குடித்தன, சண்டை போட்டன, கட்டிப்பிடித்துச் சமாதானமாகி மறுபடி குடித்தன. மரநாய்க்குத் தன் வால் இரண்டாகத் தெரிந்தது. இரண்டுமே அழகாக இருந்தன.

யானை வந்தபோது பானையில் ஒரு சொட்டுகூட இல்லை. அணில் வெட்கப்பட்டு இலைக்குள் ஒளிந்துகொண்டது. யானை காலிப் பானைக்குள் தும்பிக்கையை விட்டு மோந்து பார்த்தது.

"எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

மரநாய் துள்ளிக் குதித்தது. "கேட்டியா அணிலே, நான் அப்பவே சொன்னேன்ல!"