இரண்டு கம்பளி

"மாப்பிள்ளை வீட்டுக்குக் கம்பளியைச் சுமந்துக்கிட்டா போறது? அவங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு குத்திக்காட்டுற மாதிரி இருக்காது?" என்று, மனைவி எடுத்து வைத்ததைப் பெட்டியிலிருந்து வெளியே போட்டவர் பெரியவர்தான்.

வந்து இறங்கியதுமே பல் தந்தியடித்தது. மகளோ சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு தடித்த கம்பளியை நீட்டினாள்.

விடிந்ததும் மனைவியிடம் மீசையை முறுக்கினார். "பார்த்தியா? குளிரே தெரியலை. நான் அப்பவே சொன்னேன்ல!"

"ஆமா, உங்க கௌரவம் பிழைச்சுது," என்றாள் அவள்.

தண்ணீர் குடிக்க எழுந்து போனார். கூடத்து ஜன்னலில் நேற்றிருந்த திரைச்சீலையைக் காணோம்.

சமையலறையில், அணைந்த அடுப்போரம், அந்தத் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு மகளும் மாப்பிள்ளையும் சுருண்டு கிடந்தார்கள்.

கூனிக் குறுகிப் போனார் பெரியவர். தன் கம்பளியைக் கொண்டுவந்து ஓசைப்படாமல் அவர்கள்மேல் போர்த்தினார்.

தூக்கக் கலக்கத்தில் மாப்பிள்ளை பதறி எழுந்தார்.

"என்ன மாமா, ஒரு கம்பளி பத்தலையா?"