கிடா மாமா கொண்டுவந்த கொடி

கிடா மாமா சொல்லும் கதைகளில் முயலுக்குப் பல மழைக்காலமாகவே சந்தேகம். மரியாதைக்காக வாய்திறந்ததில்லை. ஒருவேளை தன் புத்திதான் கோணலோ என்றும் அவன் அடிக்கடி குழம்புவான்.

இந்த மழையில் வளைக்கு வளை இருமல் பரவியது. மாமா ஒரு கசப்புக்கொடியை இழுத்துவந்து முயலின் வாசலில் போட்டார்.

"இதைத் தின்னுதான் மூணு வருஷமா நான் தும்மினதுகூட இல்லை. அவ்வளவு எதிர்ப்புச் சக்தி! பச்சிலைதானே மருமகனே, யாருக்கும் ஒண்ணும் பண்ணாது."

முயலின் மனைவி சினையாக இருந்தாள். போன தடவை குட்டிகள் தங்கவில்லை. இருமலுக்குப் பயந்து அவள் கொடியை நோக்கிக் குனிந்தாள். அவன் சட்டென்று அதன்மேல் காலை வைத்துவிட்டான்.

"சந்தேகப் பிராணி! இதைத் தின்னு நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று மாமா தாடியை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து அவள் வயிற்றுக்குள் ஏதோ துள்ளியது.

"ஒண்ணு இல்லைங்க, மூணு நாலு இருக்கும்போல!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் அவனுக்குத் தைரியம் வந்தது. காலை எடுக்காமலே பணிவாகக் கேட்டான்:

"மாமா, இதைத் தின்னப்போ நீங்க எத்தனை மாசம் சினையா இருந்தீங்க?"