மழையில் ஒட்டிய பதினொன்று

"திருவிழாவுக்கு ரயில் வரும்னு சொன்னீங்க. திருவிழா வந்துட்டுப் போயே போயிடுச்சு. ரயில் எங்க, இன்ஜினியர்?"

பெர்பெக்டா மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஊரே கூடைப்பந்து மைதானத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ரயில் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று மாதம் ஒரு தடவை ஊர் முன்னால் வந்து சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டைச் சண்டை போட்டு வாங்கியதே பயணிகள் சங்கத் தலைவியான பெர்பெக்டாதான்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, மூன்று மணி நேரம் பஸ்ஸில் நசுங்கி, மணிலாவில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போகிறவள். ரயில் வந்துவிட்டால் ஐம்பது நிமிஷம். முதல் ரயிலில் போக நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்தபோது, ஊர் முதல் பேராக எழுதியது அவள் பேரைத்தான்.

இன்ஜினியர் மனலாஸ்டாஸ் அம்மாள் எழுந்தார்.

"தண்டவாளத்துல பதினொரு ஜாயிண்ட் சரியில்ல. அதை வெட்டி எடுத்துட்டு மறுபடி ஒட்டினோம். அதோட விடாம, முழு லைனையும் ஒண்ணொண்ணா சோதிச்சோம். அதான் மூணு மாசம்."

"எப்படிக் கெட்டுச்சு?"

"ஆகஸ்ட்ல, தூறல்ல ஒட்டியிருக்காங்க. உருக்கு ஊத்தும்போது ஈரம் பட்டா உள்ளே பொத்தல் விழும். மேலே பார்த்தா பளபளன்னு இருக்கும். ஆள் ஏத்தின ரயில் ஓட ஆரம்பிச்சா விரிசல் விட்டுடும்."

"சுஸ்மார்யோசெப்!" முன்வரிசைப் பெண்கள் இயேசு, மரி, சூசை மூவரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க. நேத்து கடைசி ஜாயிண்ட்டும் பாஸ். ஜனவரி பதினைஞ்சு ரயில் ஓடும்."

"எந்த வருஷ ஜனவரி, இன்ஜினியர்?" என்று பின்னாலிருந்து ஒரு டிரைசிக்கிள்காரன் கேட்டான். ஊரே சிரித்தது. நெஞ்சில் இருந்த கல் இறங்கின சிரிப்பு அது.

பெர்பெக்டா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒட்டின ஆள் யாரு? ஒவ்வொரு ஜாயிண்ட் பக்கத்துலயும் ஒட்டினவன் நம்பர் இருக்குமே! என் வீட்டுக்காரரே அந்த வேலைதான் பார்க்கறார், எனக்குத் தெரியாதா? ஒழுங்கா உழைக்கிறவங்களுக்கெல்லாம் ஒருத்தனால கெட்ட பேரு. பேரைச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன், அக்கா."

"ஊர் கேக்குது!"

"பேரு! பேரு!" என்று ஊரும் கத்தியது.

"நாங்க பத்துக்கு ஒண்ணுதான் சோதிக்கறது வழக்கம். அந்தப் பதினொண்ணும் எங்க கண்ணுல பட்டிருக்காது. அந்த ஆளே வந்து சொன்னார். இன்னிக்கு அவர் பேரைச் சொன்னா, நாளைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"அப்ப நாளைக்கே மணிலாவுக்கு மனு போகும். அந்த ஆள் இனி இந்த லைன்ல கை வைக்கக் கூடாது!"

கைதட்டல் பலமாக விழுந்தது. தட்டிய கைகள் அப்படியே பான்சிட் நூடுல்ஸ் தட்டுகளைத் தேடிப் போய்விட்டன. பெர்பெக்டா போகவில்லை. அங்கேயே ஒரு தாளில் மனு எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு நேரே இன்ஜினியரின் மேஜைக்கு வந்தாள்.

"நான் விடமாட்டேன், இன்ஜினியர்."

"தெரியும், அக்கா." மனலாஸ்டாஸ் குரலைத் தாழ்த்தினார். "மழையில ஏன் ஒட்டினாங்க தெரியுமா? திருவிழாவுக்குள்ள முடிக்கலைன்னா மறியல்னு உங்க சங்கம் மனு கொடுத்துச்சு. மேலிடம் என்னை விரட்டிச்சு. நான் அவங்களை விரட்டினேன்."

அந்த மறியல் மனுவை எழுதியதே பெர்பெக்டாதான். ஆனாலும் தோற்றுப் பழக்கமில்லையே.

"யார் விரட்டினா என்ன? தப்பான வேலைன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான்ல?"

"செஞ்சார். பத்து நாள் கழிச்சு என் எதிர்ல வந்து நின்னார். 'யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களே, ஏன் வந்தீங்க?'ன்னு கேட்டேன். 'முதல் ரயில்ல முதல் ஆளா ஏறப்போறது என் வீட்டுக்காரி, மேடம்'னார்."

பெர்பெக்டா பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்டில் அவள் கணவர் எலிசியோ ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தது ஞாபகம் வந்தது. கொசு என்றார். அவளும் நம்பி, கொசுவலையைத் தைத்துக் கொடுத்தாள். முதலில் கோபம் பொங்கியது. அந்த ரயில் ஓடியிருந்தால் என்று நினைத்ததும் கோபம் அடங்கிவிட்டது.

"அவருக்கு வேலை போயிடுமா?" தன் குரலா இது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"தானா வந்து சொன்ன ஆளை அனுப்பிட்டு, யாரை வெச்சு நான் ரயில் விடறது? அந்தப் பதினொண்ணையும் மறுபடி ஒட்டினது அவர்தான். எல்லாம் சுத்தமா பாஸ்."

பெர்பெக்டா எழுந்தாள். மனுவை நாலாய்க் கிழித்துக் கைப்பைக்குள் திணித்தாள். வழியில் பான்சிட் தட்டை நீட்டியவர்களுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

வயிற்று வலி என்று கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்ட எலிசியோ, அடுப்படியில் சினிகாங் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வயிறு இப்ப தேவலையா?"

"ம். கூட்டத்துல என்ன சொன்னாங்க?"

"எல்லாம் பாஸாம். ஜனவரி பதினைஞ்சு ரயில்."

"நல்லது, நல்லது." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குழம்பில் கரண்டி மட்டும் நின்றுவிட்டது. "அந்த ஜாயிண்ட் ஒட்டின ஆளு... பேரு ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லியே," என்றபடி தட்டுகளை எடுத்து வைத்தாள் பெர்பெக்டா. "நாங்களும் கேக்கல."