கிளம்பாத வண்டி

சாவியைத் திருப்பினான். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை.

மறுபடியும் திருப்பினான். அதே கதைதான்.

"என்னடா ஆச்சு? இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்டா!"

பின்சீட்டிலிருந்து அம்மா போட்ட சத்தத்தில், தள்ளி நின்றிருந்த லாரிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் அக்கா, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவள்போல் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

கோபித்துக்கொண்டு வந்துவிட்டவளை அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடத்தான் இந்தப் பயணம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்தது. மச்சான் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார். இன்றைக்கு இருட்டுவதற்குள் வரவேண்டும், இல்லையென்றால் இனி எப்போதுமே வரவேண்டாம்.

முகம் கழுவி டீ குடிக்கலாம் என்று மலையடிவாரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். அதுதான் வினையாகப் போனது.

தம்பிக்கு வீட்டு வயரிங்தான் தொழில். வண்டியைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். எந்த வயரில் ஓடினாலும் கரண்ட் கரண்ட்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டு பானெட்டைத் திறந்தான்.

ஹார்ன் அடித்தது. விளக்கு எரிந்தது. பேட்டரி முனைகள் இறுக்கமாக இருந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தான். பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை.

பின்கதவைத் திறந்து, அக்காவின் காலடியில் மண்டியிட்டு, சீட்டில் காதை வைத்தான். அவள் காலைச் சுருக்கிக்கொண்டாள். அம்மா முன்பக்கம் எட்டிச் சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட் ஆகும் இடம்வரை போகாமல், சரியாக அதற்கு முன்னால் நிறுத்தினாள்.

சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் ஒரு கணம் ரீங்காரமிட வேண்டும்.

கப்சிப்.

போன் அடித்தது. மச்சான். அம்மா பாய்ந்து எடுத்தாள்.

"கிளம்பிட்டோம் மாப்பிள்ளை, வண்டிதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது. தம்பி பார்த்துக்கிட்டிருக்கான், இதோ வந்துடறோம்..."

குரலில் தேன் ஒழுகியது. போனை வைத்ததும் அவன்மேல் எரிந்து விழுந்தாள். ஒரு வண்டியைச் சரிபார்க்கத் துப்பில்லை, இவனெல்லாம் என்ன எலக்ட்ரீஷியன் என்று.

அவன் பானெட்டுக்குப் போனான். ஹார்னுக்குக் கரண்டை விடும் ரிலேயைப் பிடுங்கி பம்ப் ரிலே இருந்த இடத்தில் செருகிப் பார்த்தான். விரலில் தகரம் கிழித்ததுதான் மிச்சம். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் வாழ்க்கையே தன் கையில் இருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது.

கடைசியாக ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டு, ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினான். மூடியில் இருந்த படத்தைப் பார்த்து, பம்ப்புக்கான இடத்தை விரலால் தேடினான். எரிந்துபோன ஒன்று இருக்கும் என்று நினைத்தான்.

ஒன்றுமே இல்லை. அந்த இடம் காலி.

ஃப்யூஸ் எரிந்தால் எரிந்த இடத்திலேயே இருக்கும். எழுந்து நடந்து போகாது.

மூடியைக் கீழே வைத்தான். அவன் டீக்கு வரிசையில் நின்றபோது வண்டி பூட்டியிருக்கவில்லை. வண்டிப் பக்கம் இருந்தவர்கள் இரண்டே பேர்.

அக்காவின் ஜன்னலுக்குப் போனான்.

"அக்கா, கொடுத்துடு."

"எதைடா?"

அந்தக் கண்களில் பொய் இல்லை. சோர்வு மட்டும்தான் இருந்தது.

அதற்குள் அம்மா இறங்கிவந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். மூடியிருந்த கையைத் திறந்தாள்.

வியர்வையில் நனைந்த நீல நிற ஃப்யூஸ்.

பள்ளி வேன் ஓட்டித்தான் அவள் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். எதைப் பிடுங்கினால் வண்டி நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவனுக்குத்தான் புத்தியில் உறைக்கவில்லை.

"முகம் கழுவச் சட்டைக் கையைச் சுருட்டினாடா. நான் பக்கத்துல நின்னேன். கையெல்லாம் அடிபட்டுக் கன்னிப்போயிருக்கு."

அக்காவின் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கிட்டச் சொல்லியிருந்தா நீ நேரா அங்கதான் வண்டியை விட்டிருப்ப. அவனை அடிச்சுட்டு நீ உள்ள போயிருப்ப. அவகிட்டக் கேட்டிருந்தா, ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு நமக்கு முன்னாடி ஏறி உட்கார்ந்திருப்பா."

மாப்பிள்ளையை அம்மா 'அவன்' என்று சொல்லித் தம்பி கேட்டதே இல்லை.

ரத்தம் தலைக்கு ஏற, ஃப்யூஸை எடுக்கக் கையை நீட்டினான். அம்மா விரல்களை மூடிக்கொண்டாள்.

"வரவேண்டாம்னு அவன் வாயாலயே வரட்டும். அதுவரைக்கும் வண்டி ரிப்பேர்தான்."

அவன் முன்னால் போய்ப் பானெட்டுக்குள் குனிந்தான். இறுக்கமாக இருந்த ஒரு நட்டைத் தளர்த்தினான். பிறகு இறுக்கினான். திரும்பவும் தளர்த்தினான். 

"இன்னுமா ஆகலை?" என்று பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்மா" என்று அவனும் கத்தினான்.

மலை கறுத்தது. டீக்கடையில் விளக்கைப் போட்டார்கள். போன் அடித்தது.

இந்த முறை அம்மா எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள். இனி வரவே வேண்டாம் என்று எதிர்ப்பக்கம் போட்ட சத்தம் பானெட்டுவரை கேட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள் அக்கா.